படத்தை நிறுத்துகிறவர்

படத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார். அதுவும் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிவியில் ஒரு ரஷ்யப் படம். இரண்டு ரவுடிகள் பழைய கார் டிக்கியில் ஒரு பிணத்தைப் போட்டுக்கொண்டு புதைக்க இடம் தேடி அலைகிறார்கள். பனியில் நிலம் கல்லாக இறுகிக் கிடக்கிறது. மண்வெட்டி உடைகிறது. பக்கத்தில் மூடிக்கிடக்கும் ஆலையின் வாட்ச்மேனிடம் போய்க் கடப்பாறை இரவல் கேட்கிறார்கள். அவர் கொடுக்கிறார். எப்படிப் பிடித்து இடித்தால் கை வலிக்காது என்றும் காட்டித் தருகிறார். குழி தோண்டி முடிந்ததும், பார்த்துவிட்டாரே என்று அவரையும் சுட்டு அதே குழியில் தள்ளுகிறார்கள். பிறகு ஒருவன் கடப்பாறையைப் பனியில் துடைத்து, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சாத்தி வைக்கிறான். “அடுத்தவன் பொருள்டா” என்கிறான்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் ரிமோட்டை அமுக்கினார்.

“கடப்பாறை குடுத்தாரே, அவரு பேரு இன்னா?”

யாருக்கும் தெரியவில்லை.

“படத்துல ரெண்டு வாட்டி சொன்னானுங்க. நானும் தமிழ்ல ரெண்டு வாட்டி சொன்னேன். உங்க காதுல வுழல. கடப்பாறை மட்டும் கண்ணுல நிக்கிது.”

“படம்தானே அண்ணா” என்றான் ஒரு இன்ஜினியரிங் மாணவன்.

அவர் டிஸ்கை வெளியே எடுத்துவிட்டார். “எழுந்துருங்க. இன்னிக்கு இவ்ளோதான்.” மீதிப் படம் என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜுகள் இருக்கும் தெரு ஒன்றில் அவர் டிவிடி வாடகைக் கடையும் ஜெராக்ஸும் வைத்திருந்தார். நான் மருந்துக் கம்பெனி ரெப். சுனாமிக்கு அடுத்த வருஷம் அந்த ஊருக்கு வந்து, அவர் கடைக்கும் அதை ஒட்டிய வீட்டுக்கும் மேலே இருந்த மாடி அறையில் குடியேறினேன். தெருவில் எல்லோரும் அவரை ரஷ்யாக்காரர் என்றுதான் சொல்வார்கள். சோவியத் நாடு இருந்தபோது அங்கே இன்ஜினியரிங் படிக்கப் போனவர், அது இல்லாமல் போன பிறகு திரும்பி வந்தவர். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றது அவர் மனைவி. “அவரு பேர எழுதினா என் பொறந்த வூட்டுப் பேரும் கூடவே வரும் தம்பி. வேணாம்” என்றார். அண்ணி அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அவருக்கென்று டிஸ்குகள் வாங்கி வருவார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் படங்கள். அரசாங்கம் விழுந்து, ஆலைகள் மூடி, புரொபசர் டாக்ஸி ஓட்டுகிற, போலீஸ்காரன் திருடனிடம் சம்பளம் வாங்குகிற, சிவப்புக் கோட்டும் தடித்த தங்கச் சங்கிலியும் போட்டவன் ஊரை ஆள்கிற காலத்தைப் பற்றிய படங்கள். காட்சிக்குக் காட்சி கொலை. ஒவ்வொரு கொலையிலும் ஒரு சிரிப்பு. அடியில் இங்கிலீஷ் எழுத்தும் இருக்காது. அவர் டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அத்தனை பேருக்கும் தமிழில் குரல் கொடுப்பார். அந்த ரவுடிகள் எல்லோரும் கடலூர் முதுநகர்ப் பாஷை பேசுவார்கள். “இன்னாடா மொறைக்கிற? ஏரியா எங்க அண்ணனுது, வூட்ட காலி பண்ணிட்டுப் போய்க்கினே இரு” என்று பனித்தொப்பி போட்ட வெள்ளைக்காரன் சொல்லும்போது சிரிக்காமல் யாரால் இருக்க முடியும்? சிரிக்க வைப்பதும் அவர்தான், சிரித்தால் திட்டுவதும் அவர்தான். இரண்டையும் ஒரே கோபத்தோடு செய்வார்.

அந்தக் கோபம் கடையோடு நிற்காது. டீக்கடையில் யாராவது பேப்பரைப் பிரித்து, “லாரி மோதி மூணு பேரு அவுட்டாம்பா” என்றால், பாலில்லாத டீயைக் கையில் வைத்தபடியே “எந்த மூணு பேரு?” என்பார். கற்கண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு டீ குடிக்கிற பழக்கம் அவருக்கு. கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்தக் கற்கண்டு நொறுங்குகிற சத்தம் நமக்குக் கேட்கும். பேப்பரைப் பிடுங்கி, பெயர்களை உரக்கப் படிப்பார். ஊர், வயசு எல்லாம் படிப்பார். பேப்பரில் பெயர் இல்லையென்றால் அந்தப் பகுதி நிருபருக்குப் போன் போட்டுத் திட்டுவார். “பனியில நின்னு நின்னு மூளை உறைஞ்சிபோச்சி” என்பார் அண்ணி. அதைச் சிரிக்காமல்தான் சொல்வார்.

அவர் படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. சான்றிதழில் முத்திரை குத்திய நாடே இப்போது இல்லை. கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனி இன்டர்வியூவில் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த நாட்டுக்குப் போன் போட்டு விசாரிக்கணும்னா எந்த நம்பருக்குப் போடறது?” என்றாராம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். சான்றிதழை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அப்புறம் அண்ணி போய் வாங்கி வந்தார்.

எதனால் இப்படி என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் கேட்டுச் சொன்னதல்ல. ஒரு படத்தில் ஹாஸ்டல் காட்சி வந்தது, அவராக நிறுத்தினார்.

“எங்க ஹாஸ்டல் வாசல்ல ஒரு அம்மா உக்காந்திருக்கும். ரூம் சாவி அதுதான் குடுக்கும். காய்ச்சல்னா பீட்ரூட் சூப்பு கொண்டாந்து வாயில ஊத்தும். நாடு கலைஞ்சதும் சோத்துக்கு இல்ல. எங்க பசங்க குடை, ஜீன்ஸ்னு வித்தானுங்க. வித்தா மாமூல் கேட்டு ஆளு வருவான். ஒரு நாளு துப்பாக்கியோட வந்தானுங்க. அந்தம்மா எழுந்து நின்னு, கார்டு காட்டாம உள்ள வுட மாட்டேன்னுச்சி. கார்டு! அவன் துப்பாக்கிய காட்டுனான். அது அப்பவும் கார்டு கேட்டுச்சி.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போலீஸ் வந்து, செத்தது யாருன்னு கேட்டான். நாலு வருஷம் அந்தம்மா கையால சாவி வாங்கினவன் நானு. அத்தைன்னுதான் கூப்புடுவேன். பேரு தெரியல. அங்க நின்ன ஒருத்தனுக்கும் தெரியல. மறுநாள் பேப்பர்ல ‘வாசல்காரப் பெண்’ணுன்னு போட்டான்.”

அன்று படத்தை மறுபடி ஓடவிட்டார். ஆனால் குரல் கொடுக்கவில்லை. நாங்கள் புரியாத பாஷையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம்.

அண்ணிக்கு ஒரு தம்பி. கிள்ளைக்குப் போகிற வழியில் இறால் குட்டை குத்தகைக்கு எடுத்திருந்தான். வெள்ளைச் சட்டை, பெரிய கார், கட்சிக்காரர்களோடு பழக்கம். மாமாமேல் உண்மையிலேயே பிரியம் உள்ளவன். வரும்போதெல்லாம் ஐஸ் பெட்டி நிறைய இறால் கொண்டுவருவான். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் முடிந்து நானும் இரண்டு மாணவர்களும் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தான். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தார்.

“மாமா, உங்க ரஷ்யா படம்லாம் இனிமே வேலைக்கு ஆவாது. நம்மூர்லயே ஒண்ணு நடந்துபோச்சி” என்று ஆரம்பித்தான். “குட்டைய சுத்திக் கம்பி போட்டிருக்கோம்ல, இறால் திருடறவனுக்குப் பயம் காட்ட? போஸ்ட்டுலேந்து கொக்கி போட்டுக் கரண்டு வுட்டிருந்தோம். காத்தால பாத்தா ஒருத்தன் ஒட்டிக்கினு கெடக்கறான். என்ன பண்றது? வாய்க்காலுக்கு அந்தக் கரை வேற ஸ்டேஷன். நம்ம பசங்க தீவனச் சாக்குல சுத்தி அந்தக் கரையில போட்டுட்டு வந்துட்டானுங்க. மத்தியானம் பாத்தா பொணம் திரும்ப நம்ம கரையில! அந்த ஸ்டேஷன் ஏட்டு, நமக்கு எதுக்கு ரோதனைன்னு ஆளு வச்சி இந்தப் பக்கம் தள்ளிட்டாரு. நாங்க மறுபடி அங்க போட்டோம். சாயங்காலம் மறுபடி இங்க! பொணத்துக்கே டயர்டாயிருக்கும் மாமா!”

நடித்துக் காட்டினான். சாக்கைத் தோளில் தூக்குவது, வாய்க்கால் சேற்றில் வழுக்குவது, ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவது. சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தோம்.

“அப்புறம் ரெண்டு ஸ்டேஷனும் பேசி, குடிச்சிட்டு வாய்க்கால்ல வுழுந்துட்டான்னு எழுதி முடிச்சிட்டாங்க. சரி, படத்த விட நல்லாருக்கா இல்லியா?”

அவர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். “அவன் பேரு இன்னா?”

“யாரு பேரு?”

“செத்தவன் பேரு.”

“எவனோ ஒருத்தன் மாமா. நண்டு புடிக்க வர்றவன்.”

அவர் எழுந்து கையைக் கழுவினார். “மச்சான், நீ வூட்டுக்குப் போ.”

“என்ன மாமா, சும்மா சொன்னா…”

“போன்னு சொல்றேன்ல!”

“சாப்புடற எடத்துல என்னங்க கோவம்?” என்றார் அண்ணி. தம்பி சிரித்துக்கொண்டே, “மாமாவுக்குப் படம் சரியா ஓடல போல” என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தான்.

மறுநாள் காலை அவர் என் பைக்கில் ஏறிக்கொண்டார். கிள்ளையைத் தாண்டி, பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்களில் ஒவ்வொன்றாக விசாரித்துப் போனோம். மூன்றாவது இடத்தில் வீடு தெரிந்தது. கீற்றுக் கொட்டகை. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். செத்தவரின் பெயர் கலியமூர்த்தி. வாய்க்காலில் இறங்கிக் கையால் துழாவி நண்டும் இறாலும் பிடித்து, கிள்ளையில் கொண்டுபோய் விற்கிறவர். அன்று தண்ணீர் வற்றியிருந்ததால் குட்டைக் கரையில் ஏறி நடந்திருக்கிறார்.

“குடிச்சிட்டு வுழுந்துட்டாருன்னு சொல்றாங்கய்யா” என்றார் அவர் மனைவி. “அவரு குடிக்கவே மாட்டாரு. வெத்தல பாக்கு கூடப் போட மாட்டாரு. உள்ளங்கையில கறுப்பா நீட்டுக்குக் கோடு இருந்துச்சி. இது என்னங்கன்னு கேட்டேன். நண்டு கடிச்சதுன்னு போலீசுல சொன்னாங்க. நண்டு கடி எனக்குத் தெரியாதாய்யா?”

திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தச் சொன்னார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ரஷ்ய மொழியில் கத்தினார். என்ன கத்தினார் என்று எனக்குப் புரியவில்லை. திட்டு என்று மட்டும் தெரிந்தது. பிறகு தமிழில், “ஊரு பூரா மணிக்கணக்கா கரண்ட் இல்ல. புள்ளைங்க மெழுகுவத்தியில படிக்குது. அந்தக் கம்பிக்கு மட்டும் எங்கேந்துடா கரண்டு வருது?” என்றார். எனக்கும் அன்றுதான் உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனுஷனைச் சாக்கில் சுற்றி இரண்டு கரைக்கும் மாற்றி மாற்றி வீசியிருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இறால் தொக்கைப் பிசைந்திருக்கிறோம்.

பக்கத்து ஸ்டேஷன்களில் புகாரை வாங்கவில்லை. கலியமூர்த்தியின் மனைவியை அழைத்துக்கொண்டு கடலூருக்குப் போனார். பெரிய அதிகாரிகள் அலுவலகங்களின் வாசலில் வாராவாரம் நின்றார். மைத்துனன் தன்னிடம் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் போட்டேன். கடைசியில் புதைத்த உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். அந்தம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். மின்சாரம் தாக்கிய மரணம் என்று வந்தது. வழக்குப் பதிவானது. மைத்துனனைக் கைது செய்தார்கள்.

அந்தச் சாயங்காலம் கீழ்வீட்டில் நடந்தது மாடிவரை கேட்டது.

“அவன் என் தம்பி. கல்யாணமான புதுசுல உங்களுக்கு வேல இல்ல. இந்த வூட்டு அரிசி மூட்ட எங்கேந்து வந்துச்சி? அவன் சைக்கிள்ள வச்சித் தள்ளிக்கினு வந்தான்.”

“அரிசி வேற, இது வேற.”

“உங்களுக்கு எல்லாம் வேற வேற. எனக்கு ஒரே தம்பிதான்.”

“அந்தக் கலியமூர்த்திக்கும் ஒரு பொண்டாட்டிதான்.”

“செத்தவன் பேரெல்லாம் தெரியிது உங்களுக்கு. கூட இருக்கிறவ மனசு தெரியல.”

அண்ணி பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் தடுக்கவில்லை. அதிலும் எனக்குக் கோபம்தான். வாசல்வரை போயிருக்கலாம்.

அதற்கு அடுத்த வாரம் பட்டப்பகலில் நாலைந்து பேர் வந்து கடையை உடைத்தார்கள். ஜெராக்ஸ் மிஷினைத் தெருவில் தள்ளினார்கள். டிஸ்குகளை அள்ளி வீசி மிதித்தார்கள். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அவர் கடை வாசலில் நின்று அந்த ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்தினார். எல்லோரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு அடி விழுந்தது. ஒரு காது அதிலிருந்து சரியாகக் கேட்காது.

வழக்கு எப்படி முடிந்தது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஸ்டேஷன் ஆட்கள்மேலும் நடவடிக்கை என்று ஒன்றும் இல்லை, வேறு ஊருக்கு மாற்றினார்கள். மைத்துனனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்பீல் போட்டு ஜாமீனில் வெளியே வந்தான். குட்டை வேறொருவர் பெயரில் நடந்தது. இறால் எப்போதும்போல ஏற்றுமதிக்குப் போனது. நான் ஊரை விட்டு வரும்வரை அப்படித்தான் இருந்தது. இதற்கு நியாயம் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தத் தண்டனையாவது கிடைத்தது அவராலும் இல்லை, என்னாலும் இல்லை.

சிதம்பரம் கோர்ட்டில் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்த முகத்தோடு வந்தார்.

“ரஷ்யப் படம் நிறையப் பாப்பீங்களாமே?”

“பாப்பேன்.”

“பொணத்த தூக்கிக்கிட்டு அலையற மாதிரி கதையெல்லாம் அதுல வருமாமே?”

“வரும்.”

“ஐயா, சாட்சி படத்துல பாத்ததை மச்சான் சொன்னதா நெனச்சிக்கிட்டாரு. பாவம், வேற ஒண்ணும் இல்ல.”

பெஞ்சுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “சிரிக்காதீங்க! இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல!” நீதிபதி எச்சரித்தார். அவர் மறுபடி கத்தினார். வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் ஏறியபோது, “நீங்க அவரு வூட்டு மாடியிலதானே குடியிருக்கீங்க?” என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், என் சாட்சி முடிந்தது. அந்த மாணவர்கள் இருவரும் படிப்பு முடிந்து எங்கேயோ போயிருந்தார்கள்.

பிறகு எதிர்த்தரப்புச் சாட்சியாக அண்ணியைக் கூட்டிவந்தார்கள். தம்பியின் காரில்தான் வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார், தம்பி எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். புருஷனைப் பார்க்கவில்லை.

“அந்த ஞாயித்துக்கிழமை உங்க தம்பி உங்க வூட்டுக்கு வந்தாரா?” என்றார் வக்கீல்.

“வந்தான்.”

“இறால் குடுத்துட்டு, வாசலோட போயிட்டாரு. சரிங்களா?”

அண்ணி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பெஞ்சின் ஓரத்தில் கலியமூர்த்தியின் மனைவி உட்கார்ந்திருந்தார். அண்ணி அவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

“வாசலோட போவல. உள்ள வந்து உக்காந்தான். நான்தான் சோறு போட்டேன்.”

வக்கீலின் முகம் மாறியது. “யோசிச்சிச் சொல்லுங்கம்மா.”

“யோசிச்சிட்டுத்தான் வந்தேன். கம்பிக்குக் கரண்டு வுட்டோம்னான். சாக்குல சுத்தி அந்தக் கரையில போட்டோம்னான். திரும்ப வந்துச்சி, திரும்பப் போட்டோம்னான். எழுந்து நின்னு நடிச்சிக் காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. அதோ, மாடி ரூம்பு தம்பி, அவரும் சிரிச்சாரு. நான் கொழம்பு ஊத்திக்கினு இருந்தேன்.”

தம்பி, “அக்கா!” என்றான். ஒரு குழந்தை கூப்பிடுவதுபோல இருந்தது.

“ஆமாண்டா, அக்காதான்” என்றார் அண்ணி. “அக்கா கையால தின்னுக்கினேதான சொன்ன?”

வெளியே வந்ததும் அவர் ஓடிப்போய் அண்ணி முன்னால் நின்றார்.

“உங்களுக்காகச் சொல்லல” என்றார் அண்ணி. “உங்கமேல இருக்கிற கோவம் அப்படியே இருக்கு.”

“வூட்டுக்கு வா.”

“வர மாட்டேன்.”

“உங்க அம்மா வூட்டுலயும் இனிமே…”

“அது எனக்குத் தெரியும்.”

கலியமூர்த்தியின் மனைவி சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கிள்ளை பஸ் வருகிற நேரம். அண்ணி அவரிடம் போய், “உங்க வூட்டுல ரெண்டு நாளு இருக்கலாமா?” என்று கேட்டார். அந்தம்மா அண்ணி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

பஸ் வந்து நின்றது. அவர் படிக்கட்டுவரை போனார்.

“கோவம் எப்பதான் தீரும்?”

அண்ணி ஏறி நின்று திரும்பினார். “நீங்க ரஷ்யாவுலேந்து வந்து எவ்ளோ வருஷம் ஆச்சி? உங்களுக்குத் தீந்துச்சா?”

கண்டக்டர் விசில் அடித்தார்.